உங்களுக்குத் தெரியுமா? செய்தது நானா, என் கையா?

நீரோட்டம் பார்ப்பவர்
ஆந்திர எல்லையில் உள்ள குப்பம் பக்கம் போர்வெல் போடுவதற்கு முன்னால் ‘பாயிண்ட்’ பார்க்க ஆள் வருவார். வேப்பங்கவையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டோ, உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டோ கொல்லையில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். ஓரிடத்தில் கவை சடாரென்று புரளும். தேங்காய் எழுந்து நிற்கும். “நான் ஒண்ணும் பண்ணலீங்க, அதுவே எழும்புது” என்பார்.

அவர் புளுகுகிறார் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கவையை விரித்து இழுத்துப் பிடிக்கும்போது அதில் விசை ஏறிக்கிடக்கிறது. மணிக்கட்டு நூலளவு சாய்ந்தால் போதும், மொத்தமாகப் புரண்டுவிடும். அந்த நூலளவு சாய்வைச் செய்வது அவருடைய தசைதான். ஆனால் அந்தச் செய்தி அவருக்கு எட்டுவதில்லை. எண்ணமே நேராகத் தசைக்குப் போய்ச் சேரும் இந்தச் சங்கதியை வில்லியம் கார்பென்டர் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர் 1852-லேயே எழுதிவைத்தார். அந்த இடத்தில் தண்ணீர் வருமா என்பது வேறு பஞ்சாயத்து. பாறைப் பூமியில் அதைத் தீர்மானிப்பது அடியில் இருக்கும் வெடிப்புகள், மேலே நடக்கிறவர் அல்ல.

ஃபாரடேயின் அட்டைகள்
அடுத்த ஆண்டு, 1853-இல், லண்டனில் ஒரு பைத்தியம் பிடித்து ஆட்டியது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மேலே கை வைத்தால் மேஜை தானாகச் சுழலும், ஆவி வந்து தள்ளுகிறது என்றார்கள். மின்சாரத்தில் பெரும்புள்ளியான மைக்கேல் ஃபாரடே இதைச் சோதிக்க இறங்கினார். கைக்கும் மேஜைக்கும் நடுவே, லேசாக நழுவும்படி பசை தடவிய அட்டைகளை அடுக்கினார். மேஜை முதலில் நகர்ந்திருந்தால் அடியில் உள்ள அட்டை முந்தியிருக்க வேண்டும். முந்தியிருந்தது மேல் அட்டை. கைதான் தள்ளியிருக்கிறது.

இதைவிட முக்கியம் அடுத்து அவர் செய்தது. கை பக்கவாட்டில் தள்ளினால் உடனே காட்டிக்கொடுக்கும் ஒரு முள்ளைப் பொருத்தி, உட்கார்ந்தவர்கள் கண்ணெதிரே வைத்தார். முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை மேஜை அசையவே இல்லை. தான் தள்ளுவது தனக்குத் தெரிந்த மாத்திரத்தில் தள்ளுவது நின்றுபோயிற்று. ஹாஸ்டல் அறையில் நள்ளிரவில் பலகைமேல் காசை நகர்த்தி ஆவியிடம் பரீட்சை ரிசல்ட் கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த முள்ளை யாராவது வாங்கிக் கொடுத்தால் தேவலை.

பத்து டிகிரிவரை மூச்சு விடாது
1998-இல் பிரான்ஸின் லியோன் நகரில் ஃபூர்னெரே, ஜன்னரோ என்ற இருவர் செய்த சோதனை இது. கையைப் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டு, பலகையில் நேர்கோடு போடச் சொன்னார்கள். கோடு திரையில் தெரியும். ஆனால் கணினி அதை 10 டிகிரிவரை திருகிக் காட்டும். எல்லோரும் திரையில் நேர்கோட்டையே போட்டுக் காட்டினார்கள். அதாவது கை எதிர்ப்பக்கம் கோணலாகப் போய்ச் சரிக்கட்டியிருக்கிறது. “உங்கள் கை எப்படிப் போனது?” என்று பிறகு கேட்டால், “நேராகத்தான் போனது” என்றார்கள். கை பட்ட பாடு அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

அடுத்தவன் கை
அதற்கும் முன்னால் 1963-இல் டென்மார்க்கின் நீல்சன் இன்னும் குறும்பாக ஒன்று செய்தார். பெட்டிக்குள் கை விட்டுக் கோடு போடச் சொன்னார். வரைகிறவருக்கும் ஓர் உதவியாளருக்கும் ஒரே மாதிரிக் கையுறை. கண்ணாடியை வைத்து, வரைகிறவருக்கு அவர் கைக்குப் பதிலாக உதவியாளரின் கையைக் காட்டினார். உதவியாளர் வேண்டுமென்றே கோட்டை விட்டு விலகினார். வரைந்தவர் தன் கைதான் விலகுகிறது என்று நம்பி, அதைத் திருத்த மறுபக்கம் இழுத்தார். தவறு செய்தது வேறொருவர் கை என்ற நினைப்பே வரவில்லை.

கிச்சுகிச்சு
தனக்குத்தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது. இது எல்லோரும் அறிந்தது. காரணம், கை அசையும் முன்பே ‘இப்படித்தான் படப்போகிறது’ என்று மூளை ஊகித்துவிடுகிறது. ஊகம் பலித்தால் அந்தத் தொடுகையின் காரத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. லண்டனில் ஸாரா ஜேன் பிளேக்மோர் குழு 1999-இல் நடுவே ஒரு ரோபோவை வைத்தது. நீங்கள் இடது கையால் ஒரு பிடியை அசைத்தால் ரோபோ உங்கள் வலது உள்ளங்கையை வருடும். உடனுக்குடன் வருடினால் கூச்சம் குறைவு. 100, 200, 300 மில்லிசெகண்ட் என்று தாமதத்தை ஏற்ற ஏற்றக் கூச்சமும் ஏறியது. கண்ணிமைக்கும் நேரம் தள்ளிப்போனாலே, நம் கை நமக்கு அந்நியர் கை ஆகிவிடுகிறது.

46 மில்லிசெகண்ட்
பொத்தானை அழுத்துகிறீர்கள். கால் செகண்ட் கழித்து ‘பீப்’ சத்தம். வேகமாகச் சுழலும் கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டே, எப்போது அழுத்தினீர்கள், எப்போது சத்தம் கேட்டது என்று சொல்ல வேண்டும். 2002-இல் பேட்ரிக் ஹாகார்டும் கூட்டாளிகளும் கண்டது: நாமாக அழுத்தும்போது, அழுத்திய நேரத்தைச் சுமார் 15 மில்லிசெகண்ட் பிந்தியும், சத்தத்தைச் சுமார் 46 மில்லிசெகண்ட் முந்தியும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. தலைக்கு வெளியே காந்தத் துடிப்பு கொடுத்து விரலைத் துள்ளவைத்தால், அதே சத்தம் எதிர்ப்பக்கம் விலகிப்போகிறது. ‘நான்தான் செய்தேன்’ என்ற உணர்வுக்குக் கடிகாரத்தையே வளைக்கும் தெம்பு உண்டு.

இரவல் வண்டி
நம் டிவிஎஸ் எக்ஸெல்லின் பிரேக் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. நாம் கவனிப்பதில்லை, கை தானாக இன்னும் சற்று இறுக்கிப் பிடிக்கப் பழகியிருக்கும். அதே வண்டியைத் தம்பி ஒரு நடை எடுத்துப்போனால், திரும்பி வந்ததும் முதல் பேச்சு: “பிரேக்கே இல்லக்கா இதுல, எப்படி ஓட்டுற?” அக்காவுக்குக் கோபம் வரும். “எனக்கு நல்லாத்தானே பிடிக்குது. உனக்கு ஓட்டத் தெரியல.” இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

இந்த வித்தியாசத்தை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். 2004-இல் மால்ஃபே, ஆஸ்ட்ரி இருவரும் ரோபோக் கைப்பிடியைப் பிடித்துக் கையை நீட்டச் சொல்லி, பக்கவாட்டில் ஒரு தள்ளுவிசை கொடுத்தார்கள். விசை திடீரென்று வந்தால், ஒரு கை கற்றது மறு கைக்கும் ஓரளவு போய்ச் சேர்ந்தது. அதே விசையைச் சிறுகச் சிறுக ஏற்றினால், பழகிய கை நன்றாகவே கற்றது; மறு கைக்கு ஒன்றும் போகவில்லை. திடீரென்று வந்தால் ‘இது கருவியின் கோளாறு’ என்று ஆள் விழித்துக்கொள்கிறான். அந்த அறிவு இரு கைக்கும் பொது. பையப்பைய வந்தாலோ, அது அந்த ஒரு கையின் சொந்த விவகாரமாக முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் பிடித்தது, ‘தெரியாமல் கற்றதும்’ கற்றதுதான் என்பது. மட்டம் உயர்வு என்ற பேச்சே இல்லை, போய்ச் சேரும் இடம்தான் வேறு.

சூட்சுமம் தெரிந்தும் தோற்றவர்கள்
இந்த வரிசையிலேயே என்னை அதிகம் அசத்தியது 2006-இல் மட்ஸோனி, கிராகவர் இருவரும் நியூயார்க்கில் செய்தது. திரையில் உள்ள புள்ளியைக் குறிவைத்துக் கையை நகர்த்த வேண்டும். ஆனால் திரைக்குறி 45 டிகிரி திருகியே போகும். முதலில் எல்லோரும் கோட்டை விடுவார்கள். அப்போது சூட்சுமத்தைப் போட்டு உடைத்தார்கள்: பக்கத்தில் 45 டிகிரியில் இருக்கும் இன்னொரு புள்ளியைக் குறிவையுங்கள், சரியாக விழும். சொன்னபடி செய்தார்கள். அடுத்த வீச்சிலேயே பிசகின்றி விழுந்தது. ஆட்டம் முடிந்தது என்றுதானே நினைப்போம்?

முடியவில்லை. தொடர்ந்து ஆட ஆட, குறி மெல்ல மெல்லத் தவற ஆரம்பித்தது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. குறிவைத்த இடம் ஒன்று, திரைக்குறி போன இடம் ஒன்று. இந்த இடைவெளி சிறுமூளைக்குப் பொறுக்கவில்லை. ‘புள்ளியில் விழுந்துவிட்டது, போதும்’ என்று எஜமான் சொன்னாலும் அதன் காதில் ஏறவில்லை; தன் போக்கில் திருத்திக்கொண்டே போனது. சூட்சுமம் அறிந்தவரின் ஜெயத்தை, அறியாமல் கற்கும் உறுப்பு உள்ளிருந்தே கெடுத்தது. ‘நான் சரியாகத்தான் செய்கிறேன், ஏன் தவறுகிறது?’ என்று கேரம் போர்டு முன்னால் முழித்தவர்களுக்கு இதில் கொஞ்சம் ஆறுதல் உண்டு.

காலைப் பார்க்காதே
1998-இல் காப்ரியேலா வூல்ஃப் குழு, பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் சிலரை ஏற்றியது. ஒரு கூட்டத்துக்குக் காலின் அழுத்தத்தைக் கவனிக்கச் சொன்னார்கள், இன்னொன்றுக்குக் காலுக்கடியில் உள்ள சக்கரங்களை. சக்கரத்தைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றார்கள்.

ஏஎஸ்டிஎஃப்
டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்த யாரையாவது பிடித்து, எழுத்துகள் எதுவும் அச்சிடாத விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து, எந்த எழுத்து எங்கே என்று நிரப்பச் சொல்லுங்கள். திணறுவார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தபோது, வேகமாகத் தட்டச்சு செய்கிறவர்களும் பாதிக்குச் சற்று மேலேதான் சரியாக நிரப்பினார்கள். விரலுக்குத் தெரிந்தது ஆளுக்குத் தெரியவில்லை.

அதே பல்கலைக்கழகத்தின் கார்டன் லோகனும் மாத்யூ கிரம்பும் 2010-இல் செய்ததுதான் இன்னும் விசேஷம். தட்டச்சு செய்கிறவருக்குத் தெரியாமல் கணினி இரண்டு விஷமங்கள் செய்தது. சில இடங்களில், அவர் சரியாக அடித்ததைத் திரையில் பிழையாகக் காட்டியது. வேறு சில இடங்களில், அவர் பிழையாக அடித்ததைச் சத்தமில்லாமல் திருத்திக் காட்டியது. “இது நீங்கள் செய்த பிழையா?” என்று கேட்டால், திரையில் பிழை இருந்தால் ‘ஆமாம், என் பிழை’ என்று ஒப்புக்கொண்டார்கள். திரையில் சரியாக இருந்தால் ‘நான் சரியாகத்தான் அடித்தேன்’ என்று புகழை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் விரல்களை ஏமாற்ற முடியவில்லை. உண்மையில் பிழையாக அடித்த இடத்துக்கு அடுத்த எழுத்தில் விரல் தயங்கியது. கணினி புகுத்திய பிழைக்கு விரல் தயங்கவே இல்லை. ஆக, ஒரே ஆளுக்குள் இரண்டு கணக்குப்பிள்ளைகள். ஒருவர் திரையைப் பார்த்துப் பேரேட்டில் எழுதுகிறார். மற்றவர் கல்லாவில் உட்கார்ந்து ஒவ்வொரு காசையும் தடவிப் பார்த்து வாங்குகிறார். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

உதவினால் ‘நான்தான்’
திரையில் ஒரு புள்ளியை விசைகளால் நகர்த்தி இலக்கில் சேர்க்க வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் ரகசியமாக ஓர் உதவி செய்தார்கள்: தவறான விசையை அழுத்தினால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. அதாவது ஆளின் பேச்சு பாதிதான் எடுபடுகிறது. ஆனாலும் புள்ளி நன்றாகப் போய்ச் சேர்ந்ததால், ‘முழுக்க என் கட்டுப்பாட்டில்தான் இருந்தது’ என்ற உணர்வு கூடியது. வேலை முடிந்தால் பெருமை நமக்கு.

லாடச் சங்கிலி
1907 மார்ச் 10. சென்னை விக்டோரியா ஹால். நாகர்கோவில் பக்கத்துச் செய்குத்தம்பிப் பாவலர் மேடையில். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுக்கிறார், ஒருவர் கணக்குப் போடுகிறார், ஒருவர் இலக்கணத்தில் மடக்குகிறார். இத்தனைக்கும் நடுவே பாவலரின் வாய் இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும், கை சிக்கலான லாடச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருக்கும். நூறு வேலைகளை ஒரே மூச்சில் கவனித்ததால் அவர் சதாவதானி ஆனார். தெலுங்கில் அவதானம் இன்றும் நடக்கிற கலை. கேள்விகளை நினைவில் அடுக்குவது தனி வித்தை. ஆனால் சங்கிலி? அதற்குக் கவனமே தேவைப்படாத அளவுக்குக் கை அதைக் கற்றிருக்க வேண்டும். ‘நான் கழற்றுகிறேன்’ என்று நினைக்க ஆரம்பித்திருந்தால் வெண்பாவும் போயிருக்கும், சங்கிலியும் சிக்கியிருக்கும்.

கண்ணாடியில் நட்சத்திரம்
குப்பம் அருகே குடிவங்காவில் அகஸ்தியா அறக்கட்டளையின் 172 ஏக்கர் வளாகம் இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகள் கையால் செய்து பார்த்து அறிவியல் கற்க வேண்டும் என்று ராம்ஜி ராகவன் 1999-இல் தொடங்கியது. அங்கே போய்வரும் பிள்ளைகள் வீட்டிலும் செய்து பார்க்க ஒன்று: இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம் வரைந்துகொள்ளுங்கள். கையையும் தாளையும் அட்டையால் மறைத்து, எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்துங்கள். கண்ணாடியில் மட்டும் பார்த்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்டுங்கள். முனை திரும்பும் இடத்தில் கை உறைந்து நிற்கும். போகச் சொன்ன பக்கம் போகாது. சற்று நேரத்துக்கு அந்தக் கை உங்களுடையது இல்லை போலவே இருக்கும்.

மாண்ட்ரியலைச் சேர்ந்த பிரெண்டா மில்னர் இதே நட்சத்திரத்தை ஹென்றி மொலைசன் என்பவரிடம் கொடுத்தார். 1953-இல் நடந்த மூளை அறுவைக்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் போனவர் அவர். மூன்று நாள் பழகினார். பிழைகள் நாளுக்கு நாள் குறைந்தன. ஆனால் ஒவ்வொரு நாளும், இப்படி ஒன்றை வரைந்ததே நினைவில்லை. முன்பு பழகியது தெரியாமலே, இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அவர் வியந்தாராம்.

மோதிர விரலை மடக்கு, கட்டைவிரல் வரும்
குப்பத்தில் ரயிலேறி, ஜோலார்பேட்டை தாண்டிக் காட்பாடியில் இறங்கினால் வேலூர். இந்தப் பத்தி முழுக்கச் சொல்லிவரும் சங்கதிக்கு உலகிலேயே சிறந்த சாட்சி அங்கேதான் இருக்கிறது.

தொழுநோய் கையின் நரம்பைத் தாக்கினால் விரல்கள் மடங்கிக் கொக்கிபோல் ஆகிவிடும். தட்டில் சோறு பிசைய முடியாது, பேனா பிடிக்க முடியாது. 1940-களில், அந்தக் கை அவ்வளவுதான் என்று உலகமே கைவிட்டிருந்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நரம்பு கெடுவது தோலுக்கு அருகே, உடல் குளிர்ந்திருக்கும் இடங்களில். முன்கையின் மேற்பகுதித் தசைகள் பெரும்பாலும் நல்லபடியாகவே இருக்கின்றன. அப்படியானால் நல்ல தசையின் நாணை எடுத்து, செயலற்ற விரலுக்கு இழுத்துக் கட்டினால் என்ன? 1948 வாக்கில் தொடங்கினார். பிறகு கரிகிரித் தொழுநோய் ஆய்வு மையமும் இந்த வேலையின் பெரிய களமானது.

கத்தி வேலை பாதிதான். மீதிப் பாதி பிசியோதெரபி மேஜையில். கட்டைவிரல் செயலிழந்தவருக்கு, மோதிர விரலை மடக்கும் இரண்டு தசைகளில் ஒன்றின் நாணைப் பிரித்துக் கட்டைவிரலில் தைப்பது வழக்கமான முறை. (மோதிர விரலுக்கு இன்னொரு தசை இருப்பதால் நஷ்டம் அதிகமில்லை.) கட்டு பிரித்த அன்று நோயாளியிடம் “கட்டைவிரலை அசையுங்க” என்றால் ஒன்றும் நடக்காது. “மோதிர விரலை மடக்குங்க” என்று சொல்ல வேண்டும். மோதிர விரலை மடக்க நினைக்கிறார். கட்டைவிரல் எழுந்து உள்ளங்கைக்குக் குறுக்கே வருகிறது! அசைந்தது அவர் விரல்தான், அசைத்ததும் அவர்தான். ஆனாலும் யாரோ உள்ளிருந்து இழுத்தமாதிரி இருக்கும், ஏனென்றால் கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று.

பிறகு நாள்தோறும் பயிற்சி. மோதிர விரலை நினை, கட்டைவிரலைப் பார். நினை, பார். தொடு உணர்ச்சி போன கை என்பதால் கண்தான் எல்லாமே. கண்ணை எடுத்தால் கை எங்கே இருக்கிறது என்பதே சரியாகத் தெரியாது. கொஞ்ச நாளில் ‘மோதிர விரல்’ என்ற இடைத்தரகர் கழன்றுகொள்கிறார். டம்ளரை எடுக்க நினைத்தால் கட்டைவிரல் வருகிறது. எந்தத் தசை இழுக்கிறது என்ற யோசனையே இல்லை. முதலில் தெரிந்து செய்ய வேண்டும், பிறகு தெரியாமல் செய்யவரும். ‘என் கட்டைவிரல்’ என்று மறுபடி சொல்லவருவது அந்தத் தெரியாத கட்டத்தில்தான்.

காலின் கதை வேறு
பாதம் தொங்கிப்போனவர்களுக்குப் பாதத்தை உட்பக்கம் இழுக்கும் தசையின் நாணை முன்பக்கம் கொண்டுவந்து கட்டுவார்கள். கட்டிலில் உட்காரவைத்து “பாதத்தைத் தூக்குங்க” என்றால் சீக்கிரமே தூக்கிவிடுவார். எழுந்து நாலடி நடக்கச் சொன்னால் பாதம் பழையபடி தொங்கலாம். அந்தத் தசை பிறந்ததிலிருந்து, கால் தரையில் ஊன்றியிருக்கும்போது வேலை செய்து பழகியது. இப்போது கால் காற்றில் இருக்கும்போது வேலை செய்யச் சொல்கிறார்கள். உட்கார்ந்து தூக்குவது சொல்லிச் செய்வது, நடப்பது சொல்லாமல் நடப்பது. முன்னது கற்றதால் பின்னது வந்துவிடாது. அதைத் தனியாக, அடியெண்ணிப் பழக வேண்டும்.

வலியில்லாத பலம்
பிராண்ட் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. துருப்பிடித்த பூட்டைத் தன்னால் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, தொழுநோயுள்ள ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரலில் சதை எலும்புவரை கிழிந்திருந்தது. அவனுக்கு எதுவும் தெரியவில்லை. எவ்வளவு அழுத்தினோம் என்று கணக்குச் சொல்ல வலி இல்லாவிட்டால், பலம் எல்லை தெரியாமல் போகிறது.

சக்கர நாற்காலியிலிருந்து
வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை செய்தவர்களில் ஒருவர் மேரி வர்கீஸ். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த டாக்டர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் விரல்களுக்கு அசைவைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, வேலூரில் அந்தத் துறையைக் கட்டி எழுப்பினார். 1972-இல் பத்மஸ்ரீ.

இல்லாத கைக்கு உத்தரவு
கை துண்டிக்கப்பட்ட பலருக்கு அந்தக் கை இன்னும் இருப்பதுபோலவே தோன்றும். சிலருக்கு அது இறுகி உறைந்தும் கிடக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற வி. எஸ். ராமச்சந்திரன் இதற்குச் சொன்ன காரணம்: கை போகுமுன்பே நரம்பறுந்து செயலற்றுக் கிடந்தது. மூளை ‘அசை’ என்று உத்தரவிடும், கண் ‘அசையவில்லை’ என்று பதில் சொல்லும். மீண்டும் மீண்டும் நடந்ததில், அசையாது என்பதையே மூளை ‘கற்றுக்கொண்டது’. ஆக, முடங்குவதையும் கற்க முடியும்.

கற்றதைக் கலைக்க அவர் 1990-களில் பயன்படுத்தியது, பெட்டிக்குள் நிறுத்திய ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி. நல்ல கையின் பிம்பம், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் விழும். இரண்டு கையையும் சேர்த்து அசைக்கச் சொன்னார். பத்தாண்டு உறைந்து கிடந்த கை அசைகிறது என்று ஒருவர் கூச்சலிட்டார். கண்ணை மூடினால் மறுபடி உறைந்தது. மொத்தச் செலவு, ஒரு கண்ணாடியும் அட்டைப்பெட்டியும்.

கங்கம்மா ஜாத்திரை
மே மாதம் திருப்பதியிலும் குப்பத்திலும் கங்கம்மா ஜாத்திரை. அருள் வந்து ஆடியவரிடம் பிறகு கேட்டால், “நான் எங்க ஆடினேன், அம்மா ஆடினா” என்பார். பக்தியை அளக்க இந்தப் பத்திக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் ‘என் உடம்பு அசைந்தது, அசைத்தது நானில்லை’ என்ற அனுபவம் மெய்யானது என்பதற்கு ஆய்வுக்கூடத்திலும் ஒரு சாட்சி கிடைக்கிறது. 2004-இல் ஹாகார்ட் குழு சிலரை ஹிப்னாடிஸம் செய்து, விரல் தானாக அசையும் என்று சொல்லிவைத்தது. விரலை அசைத்தது அவர்களுடைய தசைதான். ஆனால் அசைந்த நேரத்தை அவர்கள் சொன்ன விதம், வெளியிலிருந்து யாரோ அசைத்துவிட்டபோது சொல்கிற மாதிரி இருந்தது. நடிக்கிறவரால் மில்லிசெகண்டில் நடிக்க முடியாது.

போனில் எதிரொலி
நம் பேச்சே சுமார் 200 மில்லிசெகண்ட் தள்ளி நம் காதில் விழுந்தால் நாக்கு குழறும், திக்கும். பெர்னார்ட் லீ 1950-இல் இதை எழுதினார். மோசமான போன் லைனில் இப்போதும் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம்.

மூன்று மொழி நாக்கு
பேச்சும் தசைவேலைதான். 1998-இல் ஹௌடியும் ஜோர்டனும் சிலரைக் கிசுகிசுத்துப் பேசச் சொன்னார்கள். பேசியதை அந்தக் கணமே ஹெட்போனில் திருப்பிக் கேட்கவைத்தார்கள், ஆனால் உயிரொலியை மெல்ல மெல்ல மாற்றி. காதில் சரியாக விழவேண்டும் என்பதற்காக வாய் எதிர்ப்பக்கம் மாறிக்கொண்டது. பெரும்பாலோருக்கு அது தெரியாது.

குப்பத்தில் பிறந்து வளர்ந்தவரின் நாக்கில் ஒரு பக்கம் கிருஷ்ணகிரித் தமிழ், ஒரு பக்கம் பலமநேர்த் தெலுங்கு, ஒரு பக்கம் பங்காருபேட்டைக் கன்னடம். திருப்பத்தூர் மாமா வீட்டுக் கல்யாணத்தில் பேச ஆரம்பித்தால், “என்னப்பா, தெலுங்குக்காரன் மாதிரி இழுக்கிற?” என்பார்கள். சித்தூர்ப் பெரியம்மா வீட்டில், “ஏமிரா, அரவம் (தமிழ்) மாதிரி பேசுற?” இவருக்கோ இரண்டு இடத்திலும் தான் ஒழுங்காகப் பேசியதாகவே படும். இழுவையைக் காதால் கற்றது நாக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள இவரை யாரும் கூப்பிடவில்லை.

“அவன்தான் பலமா அடிச்சான்”
இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவையுங்கள். ஒருவன் மற்றவன் விரலை லேசாக அழுத்தட்டும். ‘நீ வாங்கிய அதே அளவுக்குத் திருப்பி அழுத்து’ என்று மாறி மாறிச் சொல்லுங்கள். 2003-இல் லண்டனில் ஷெர்கில் குழு பெரியவர்களை வைத்து, அளக்கும் கருவியோடு இதைச் செய்தது. ஒவ்வொரு முறையும் விசை ஏறிக்கொண்டே போனது. நாம் கொடுக்கும் அழுத்தத்தை மூளை முன்கூட்டியே ஊகித்துக் குறைத்து உணர்கிறது. அடுத்தவர் கொடுப்பது முழுசாக உறைக்கிறது. இரண்டு பேரும் சத்தியமாக அதே அளவுதான் கொடுத்ததாக நினைப்பார்கள். விரலால் நேராக அழுத்தாமல், ஒரு சின்னக் கைப்பிடியை நகர்த்திக் கருவி வழியே அதே அழுத்தத்தைக் கொடுக்கச் சொன்னால், கணக்குச் சரியாக வருகிறது.